மீட்டரில் சறுக்கும் கார் படம் எரிகிறதா? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் சீசன் வந்துவிட்டால் காலையிலேயே எனக்கு போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வத்தலக்குண்டு தாண்டியதும் மஞ்சள் லைட் வந்துவிட்டது, மலை ஏறலாமா, திரும்பிவிடலாமா என்று கேட்பார்கள். பின்சீட்டில் குழந்தைகள் சத்தம் போனிலேயே கேட்கும். அவசரத்தில் நான் சொல்லும் பதில்களை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நான் மதுரையில் கார் எலக்ட்ரிகல் வேலையும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனிங்கும் பார்க்கிறேன். இந்த ஒரு லைட்டுக்காகப் பெரிய பெரிய சாமான்களை மாற்றிவிட்டு, அப்படியும் லைட் அணையாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. சில நூறு ரூபாயில் முடியக்கூடிய காரணங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் பெரிய சாமானில் கை வைக்க வேண்டும்.

இது எதற்கான லைட்?

ஒரு காரும் அதன் பின்னால் வளைந்து போகும் இரண்டு கோடுகளும் மஞ்சளாகத் தெரியும். வண்டி சறுக்காமல் காக்கும் சிஸ்டத்தின் லைட் இது. அதற்கு இ.எஸ்.சி., இ.எஸ்.பி., வி.எஸ்.சி., வி.எஸ்.ஏ. என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றுதான். நான்கு சக்கரத்திலும் வேகம் அளக்கும் சென்சார் இருக்கிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினீர்கள் என்று சொல்ல ஒரு சென்சார். வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று சொல்ல இன்னொன்று. நீங்கள் திருப்பியதும் வண்டி திரும்பியதும் ஒத்துப்போகவில்லை என்றால், தேவையான சக்கரத்தை மட்டும் பிடித்து, எஞ்சின் இழுப்பையும் குறைத்து வண்டியை நேர்வழிக்குக் கொண்டுவரும். சக்கரம் சும்மா சுழலாமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இதே சென்சார்களை வைத்துத்தான் வேலை செய்கிறது.

1995-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து இதை முதன்முதலாக ரோட்டுக்குக் கொண்டுவந்தன. நம் ஊரில் வெகுநாள் விலை கூடிய வண்டிகளில் மட்டும் இருந்தது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை வந்த பிறகு நிலைமை மாறியது. அதில் 3 ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால், இப்போது சின்ன கார்களிலும் சாதாரணமாக வருகிறது. அதனால்தான் சந்தேகங்களும் கூடியிருக்கின்றன.

மழையில் போகும்போது மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. லைட் மினுக்கினால் சிஸ்டம் அந்த நொடியில் வேலை செய்கிறது என்று அர்த்தம். சக்கரத்துக்கு ரோட்டில் பிடிமானம் போதவில்லை, அது சமாளித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள், வேகம் குறையட்டும். காய்ந்த தார் ரோட்டில் சாதாரண வேகத்தில் அடிக்கடி மினுக்கினால் மட்டும் டயரைக் கவனியுங்கள். டயரின் மேல்பக்கப் பட்டை தேய்ந்திருக்கும், இல்லை என்றால் ஏதாவது ஒரு சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கும்.

அணையாமல் நிலையாக எரிந்தால் அது வேறு. ஏதோ ஒரு தகவல் வரவில்லை, அல்லது வரும் தகவலை நம்ப முடியவில்லை என்பதால் சிஸ்டம் தன்னை நிறுத்திக்கொண்டது.

அதே படத்துக்குக் கீழே ஆஃப் என்று வருகிறதே?

யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். வாட்டர் வாஷில் டேஷ்போர்டு துடைக்கும்போது கை பட்டே இது நடக்கும். மறுபடி அழுத்தினால் போய்விடும்.

அந்தப் பட்டன் வீணாக வைத்ததும் இல்லை. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் மழை பெய்து கரிசல் மண்ணில் சக்கரம் இறங்கிவிட்டால் வண்டி முனகிக்கொண்டே நிற்கும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுப்பு வராது. சக்கரம் சுழலக் கூடாது என்று சிஸ்டம் எஞ்சினை அடக்குவதுதான் காரணம். அங்கே பட்டனை அழுத்தி ஆஃப் செய்து, சேற்றைச் சுழற்றித் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஆன் செய்ய வேண்டும்.

லைட் நிலையாக எரிகிறது. ஓட்டலாமா?

மஞ்சள் லைட் மட்டும் என்றால் ஓட்டலாம். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வழக்கம்போல இருக்கும். சறுக்கினால் காப்பாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். நான்கு வழிச்சாலையில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதலாக இடம் விட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

மலை ஏறலாமா என்று கேட்டால், மழையும் பனியும் இருக்கும் நாளில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிறுமலையில் மட்டும் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஈரமான வளைவில் இறங்கும்போதுதான் இந்த சிஸ்டம் உண்மையிலேயே உதவும். ஏற்கெனவே பாதி மலையில் இருக்கிறீர்கள் என்றால் பதற வேண்டாம். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்.

கூடவே ஏ.பி.எஸ். லைட்டும் சிவப்பு பிரேக் லைட்டும் வந்தால்?

இந்தக் கேள்வியை யாரும் அசட்டையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ.பி.எஸ். என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. அந்த லைட்டும் சேர்ந்து எரிந்தால், அவசரமாக பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுபடும். மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுவரலாம்.

சிவப்பும் சேர்ந்துவிட்டால் ஓரங்கட்டுங்கள். முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய ஆயில் அளவும் தானாகக் கொஞ்சம் இறங்கும். அதனால் ஆயிலை ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள், பேடையும் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் சரியாக இருந்தும் மூன்று லைட்டும் எரிந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் இ.பி.டி.யும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் பலமாக பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலும் தரையைத் தொட்டாலும் ஓட்டவே கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்கு வருவதற்கு முன் நானே என்ன பார்க்கலாம்?

எஞ்சினை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவை வந்து போன கோளாறு என்றால் அணைந்துவிடும், அல்லது கொஞ்ச தூரம் ஓடியதும் அணையும்.

நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். பங்க்கில் கேட்காமல் 35 வைத்துவிடுவார்கள், அது உங்கள் வண்டிக்குச் சரியா என்று அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

இரவில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும், காலை எடுத்ததும் போக வேண்டும். பிரேக் பெடல் மேலே இருக்கும் சின்ன ஸ்விட்ச் கெட்டுப்போனாலே பல வண்டிகளில் இந்த லைட் வந்துவிடும். நீங்கள் பிரேக் மிதித்தீர்களா இல்லையா என்பது சிஸ்டத்துக்குக் குழப்பமாகிவிடுகிறது. விலை குறைந்த சாமான், மாற்றுவதும் சுலபம். ஆனால் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது.

பேட்டரியையும் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8-இல் இருந்து 14.5 வரை வர வேண்டும். வயதான பேட்டரி ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் படுத்துவிட்டால் மீட்டரில் நாலைந்து லைட் சேர்ந்தே எரியும். பார்த்தவர்கள் வண்டி முழுக்கப் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள்.

எஞ்சின் ரூமில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஏ.பி.எஸ்.ஸுக்குத் தனி ஃபியூஸ் உண்டு. எரிந்திருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். மறுபடி எரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் செய்து, சென்சாரும் மாற்றியாச்சு. லைட் மறுபடி வருகிறதே?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கேனரில் வரும் கோடு, அதாவது கோளாறு எண், எந்தப் பகுதியில் கோளாறு என்று மட்டும்தான் சொல்லும். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. உதாரணமாக சி0035 என்பது இடது முன்சக்கர வேக சென்சார் சர்க்யூட்டைக் குறிக்கும் கோடு. சர்க்யூட் என்றால் சென்சார், வயர், வயரை இணைக்கும் கப்ளர், சக்கரத்தோடு சுற்றி சென்சாருக்கு வேகத்தைக் காட்டும் வளையம் எல்லாம் சேர்ந்தது. இதில் சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு ஆளை அனுப்பினால் மூன்று காரணங்கள் அப்படியே இருக்கின்றன.

லைட் எப்போது வருகிறது என்பதில் பெரிய துப்பு இருக்கிறது. சாவி போட்டதும் வந்து அணையாமலே நின்றால், பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும், கப்ளர் பிடிக்காமல் இருக்கும், அல்லது சென்சாரே இறந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அணைந்து, வண்டி நகர்ந்து 10, 20 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் வந்தால், வளையத்தையும் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் வந்தால், சக்கரத்துக்குப் போகும் வயர் உள்ளே விட்டுப்போயிருக்கும். மேலே ரப்பர் நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மடக்கி மடக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

உசிலம்பட்டிப் பக்கம் இருந்து வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். முன்சக்கரத்தில் ஹோ என்று சத்தம் என்று வேறு இடத்தில் இடது பேரிங் மாற்றியிருக்கிறார்கள். மறுநாளே லைட். இரண்டு சென்சார் மாற்றிவிட்டார்கள், போகவில்லை. நான் ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் ஆளை உட்கார வைத்து ரிங் ரோட்டில் மெதுவாக ஓட்டினேன். லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகமும் வரிசையாக ஓடியது. 20, 21, 20 என்று மூன்று. இடது முன்சக்கரம் மட்டும் சுத்தமாகப் பூஜ்யம்.

இப்போதைய பல வண்டிகளில் பற்கள் வெட்டிய இரும்பு வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தத்தைப் பதித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டு பக்கமும் கருப்பு ரப்பர் மாதிரி ஒன்றுபோலத் தெரியும். ஹப்பைக் கழற்றி, அந்த பேரிங்கின் இரண்டு பக்கத்திலும் ஒரு ஸ்டேப்ளர் பின்னை வைத்துப் பார்த்தோம். சென்சார் பார்க்கும் பக்கம் பின் வழுகி விழுந்தது. வெளிப்பக்கம் வைத்தால் சின்னதாக ஒட்டிக்கொண்டு நின்றது. பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டார்கள். பிரஸ்ஸில் போட்ட பேரிங் கழற்றும்போதே வீணாகிவிடும் என்பதால் புதுசு வாங்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டு நல்ல சென்சாரும் ஒரு நல்ல பேரிங்கும் வீண். பேரிங் மாற்றக் கொடுக்கிறவர்கள், உள்ளே அடிக்கும் முன் பின்னை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரை நிமிட வேலை.

மேலூர்ப் பக்கம் கல் குவாரித் தூசியிலும் செம்மண் ரோட்டிலும் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சென்சார் முனையில் இரும்புத் துகளும் மண்ணும் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும். கழற்றித் துணியால் துடைத்து மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். கழற்றும்போது நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும், பொறுமை வேண்டும். சுற்றியிருக்கும் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டும், சென்சார் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்தால்கூட சிக்னல் பலவீனமாகும்.

ஆன்லைனில் வாங்கிய சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா?

விலை குறைந்தவை பெரும்பாலும் எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும். அதில் ஒன்றும் காட்டவில்லை என்றால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் ஆங்கிள் இரண்டையும் திறந்து லைவ் டேட்டா காட்டக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

டயர் மாற்றிய பிறகு வந்தது. கடைக்காரர் சம்பந்தமே இல்லை என்கிறார்.

சம்பந்தம் இருக்கலாம். 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மில்லிமீட்டர். அதே வண்டியில் இரண்டுக்கு மட்டும் 195/65 ஆர்15 போட்டால் அது 634 ஆகிவிடும், 2 சதவீதம் வித்தியாசம். பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். நேராகப் போகும்போதே ஒரு சக்கரம் மெதுவாகவும் இன்னொன்று வேகமாகவும் ஓடுவதாக சிஸ்டத்துக்குத் தெரியும். சில வண்டிகள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது. நான்கும் ஒரே அளவில் இருக்கட்டும். மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஸ்டெப்னி சின்ன அளவாக இருக்கும் வண்டியில், அது மாட்டியிருக்கும்வரை லைட் வந்தாலும் பயப்பட வேண்டாம்.

அலைன்மென்ட் பார்த்த பிறகு, அல்லது பேட்டரி கழற்றிய பிறகு வந்தது?

ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் நேர்நிலையை மறந்திருக்கும். சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை முழுசாக இடது, முழுசாக வலது, அப்புறம் நடு. பிறகு நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பேட்டரி கழற்றியதால் வந்தது பல வண்டிகளில் இதிலேயே அணைந்துவிடும். அணையவில்லை என்றால் ஸ்கேனரில் பூஜ்யம் வைக்க வேண்டும்.

அலைன்மென்ட் முடிந்து நேரே போகும்போது ஸ்டியரிங் சாய்ந்து நின்றால், முதலில் அதைத் திருத்த வேண்டும். சாய்ந்த ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு பூஜ்யம் வைப்பது தப்பான தராசில் எடை போடுவது மாதிரி.

சீட் கவர், சவுண்ட் சிஸ்டம் போட்ட கடையில் இருந்து வந்ததும் லைட் எரிந்தால், சீட்டுக்கு நடுவில் கார்ப்பெட்டுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். வண்டி திரும்புவதை அளக்கும் சென்சார் பல மாடல்களில் அங்கேதான் இருக்கும். கப்ளர் கழன்றிருக்கும், அல்லது போல்ட் தளர்ந்து சென்சார் சாய்ந்திருக்கும்.

மழைத் தண்ணீரில் இறக்கிவிட்டேன், வாட்டர் வாஷ் செய்தேன், அப்போதிருந்து எரிகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் இறக்கியவர்கள் மறுநாள் வருவார்கள். சக்கர சென்சார் கப்ளருக்குள் ஈரம் போயிருக்கும். ஒரு நாள் வெயிலில் நிறுத்தினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கப்ளரைக் கழற்றுங்கள், பின்னில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு மாட்ட வேண்டும்.

எலி கடித்தால் இது வருமா?

வரும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் திரும்ப வரும். சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

செக் எஞ்சின் லைட்டோடு சேர்ந்து வந்தது?

எஞ்சின் கோடை முதலில் சரிசெய்யுங்கள். எஞ்சின் சரியில்லை என்றால் இழுப்பைக் குறைக்கச் சொல்லி அதை நம்ப முடியாது என்பதால், பல வண்டிகளில் இந்த சிஸ்டம் தானே ஒதுங்கிக்கொள்ளும். எஞ்சின் சரியானதும் இதுவும் அணைந்துவிடும்.

ஏ.பி.எஸ். யூனிட்டே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல பத்தாயிரம் ரூபாய் போகிற விஷயம். சம்மதம் சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். யூனிட்டுக்கு வரும் கரண்ட்டையும் எர்த்தையும் லோடு கொடுத்துச் சோதித்தீர்களா? பெரிய கப்ளரைத் திறந்து ஆயிலோ தண்ணீரோ ஏறியிருக்கிறதா பார்த்தீர்களா? யு0121 மாதிரி, யூனிட் பேசவில்லை என்ற கோடு மட்டும் வந்திருந்தால், அது இறந்துவிட்டது என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஃபியூஸ் போயிருந்தாலும் எர்த் விட்டிருந்தாலும் அதே கோடுதான் வரும். மாற்றத்தான் வேண்டும் என்றால், புது யூனிட்டை அந்த வண்டிக்கு ப்ரோகிராம் செய்து, பிரேக்கில் காற்றையும் ஸ்கேனர் மூலம் எடுத்துத் தருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

சாவி போட்டதும் இந்த லைட் ஒரு தடவை எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள், யாரோ மீட்டரில் கை வைத்திருக்கலாம். அப்புறம் 20 நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். கோடை அழித்துவிட்டு வண்டியைக் காட்டினால் முதல் சில கிலோமீட்டர் வரை லைட் வராமலே இருக்கும்.

பட்டறைக்கு வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

லைட் எரியும்போதே மீட்டரை போட்டோ எடுத்துவிடுங்கள், எந்தெந்த லைட் சேர்ந்து எரிந்தது என்பது அதில் இருக்கும். எந்த வேகத்தில் வந்தது, திரும்பும்போதா நேரே போகும்போதா, மழையா வெயிலா என்று சொல்லுங்கள். கடந்த ஒரு மாதத்தில் டயர், பேரிங், பேட்டரி, அலைன்மென்ட், சீட் கவர் என்று எதில் கை வைத்திருந்தாலும் சொல்லுங்கள். கோடை நீங்களாக அழித்துவிட்டு வராதீர்கள். எந்த வேகத்தில், எந்த நிலையில் கோளாறு பதிவானது என்பதும் பல வண்டிகளில் அதனுடனேயே இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும்.